யார் மறுத்தது?

அமெரிக்காவில் புதிதாகக் கார் வாங்கிய நம் ஆட்களில் சிலருக்கு, வண்டி வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து ஒரு போன் வரும். "உங்க ஃபைனான்ஸ் சரியா வரலை. வண்டியை எடுத்துக்கிட்டு ஒரு நடை வந்துட்டுப் போங்க." ஆங்கிலத்தில் இதைச் சொல்லும்போது, லோன் என்பது பரணில் இருந்த பாத்திரம் போலத் தானாகவே கீழே விழுந்துவிட்டதாகச் சொல்வார்கள். தமிழில் "லோன் கிடைக்கலை" என்று சொன்னாலும் அதே கதைதான். எந்த வங்கி கொடுக்கவில்லை, எந்தக் கிழமை, என்ன காரணம் என்று எதுவும் அந்த வாக்கியத்தில் இருக்காது. மழை பெய்யவில்லை என்பதுபோல ஒரு செய்தி. மழைக்கு யாரைப் போய்க் கேட்பது?

2025 ஜனவரியில் என் சித்தி மகனுக்கு அந்தப் போன் வந்தது. நான் சாக்ரமெண்டோவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அவன் எச்1பி விசாவில் டெக்சாஸிலிருந்து இங்கே வேலை மாறி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அலுவலகம் ஸ்டாக்டனில். போக ஐம்பது மைல், வர ஐம்பது மைல். படிக்கும்போது சீனியர் ஒருவரிடம் வாங்கிய பழைய ஹோண்டா சிவிக்கை ஓட்டிக்கொண்டிருந்தான். குளிர்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும் மூடுபனியில், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத காலை நேரத்தில், ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்யாத வண்டியை எத்தனை நாள் ஓட்ட முடியும்? யூஸ்டு கார் ஒன்று பார்க்கலாம் என்று கிளம்பினோம்.

இங்கே கார் கடன் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மூரில் பெரும்பாலும் வங்கி லோனை உறுதி செய்து, ஷோரூமுக்குப் பணம் போன பிறகுதான் சாவி கைக்கு வரும். இங்கே சனிக்கிழமை சாயங்காலம் ஷோரூமுக்குள் நுழைந்தவர் ராத்திரியே வண்டியோடு வீட்டுக்குப் போய்விடலாம். வங்கிகள் மூடிக்கிடக்கும் நேரத்தில் கடன் எப்படிக் கிடைக்கும்? கடன் கொடுப்பது டீலர்தான். ஒப்பந்தத்தில் "விற்பவர், கடன் கொடுப்பவர்" என்ற இரண்டு பாத்திரத்துக்கும் சேர்த்து அவர் பெயர்தான் இருக்கும். பிறகு அவர் அந்த ஒப்பந்தத்தையே ஒரு வங்கிக்கோ கிரெடிட் யூனியனுக்கோ விற்றுவிடுவார். அதிலும் லாபம் உண்டு. வங்கி 6.9 சதவீதத்துக்குச் சம்மதித்தால், டீலர் நம்மிடம் 8.9 என்று எழுதி வாங்கி இடைவெளியைத் தன் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் 2006 முதல் இதற்கு உச்சவரம்பு இருக்கிறது. 60 மாதம் வரையிலான கடனுக்கு இரண்டரை சதவீதப் புள்ளி, அதற்கு மேற்பட்ட காலத்துக்கு இரண்டு.

ஆக, நம் கையெழுத்துப் பட்ட அந்தக் காகிதமே ஒரு சரக்கு. கார் விற்கிறவர் காரையும் விற்கிறார், நம் கடனையும் விற்கிறார். கார் நம்மிடம் விற்றுப்போய்விடுகிறது. கடன் யாரிடமும் விலைபோகாவிட்டாலோ, நினைத்த விலைக்குப் போகாவிட்டாலோ, அந்தப் போன் வருகிறது. இந்தத் தந்திரத்துக்கு இங்கே "யோ-யோ" என்று பெயர். கயிற்றில் கட்டிய பொம்மையை எறிந்துவிட்டுத் திரும்ப இழுப்பது போல.

ஜனவரி 11, சனிக்கிழமை. எங்களுக்கு வண்டி காட்டியவர் ஃபிஜித் தீவுக்காரர். அறுபதை நெருங்கும் வயது. சாக்ரமெண்டோவில் ஃபிஜி இந்தியர்கள் நிறைய. நாங்கள் தமிழ் பேசியதைக் கேட்டுவிட்டு, தன் பாட்டனார் சென்னையிலிருந்து கப்பல் ஏறியவர் என்றார். குடும்பப் பெயரின் வாலில் ஒரு "சாமி" ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி "வணக்கம்", "சாப்பாடு", "சின்னப் பையன்" என்று ஐந்தாறு தமிழ்ச் சொற்கள்தான் மிச்சம். டொயோட்டா கொரோலா ஒன்றை ஓட்டிப் பார்த்தோம், பிடித்திருந்தது. வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 18,900 டாலர். தம்பி ரொக்கமாக 2,000 கொடுத்தான். பழைய சிவிக்கை எக்ஸ்சேஞ்சில் 1,000 டாலருக்கு எடுத்துக்கொண்டார்கள். மீதி 15,900 டாலருக்குக் கடன். 8.9 சதவீத வட்டி, 60 மாதம், மாதம் 329 டாலர்.

ஃபைனான்ஸ் மேனேஜரின் அறைக்கு அழைத்துப் போகும்போது அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "இனி கிர்மிட்தான் பாக்கி" என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். "அக்ரிமெண்ட்" என்ற ஆங்கிலச் சொல் கூலிகளின் வாயில் "கிர்மிட்" ஆனது. 1879 முதல் 1916 வரை அறுபதாயிரம் பேருக்கு மேல் ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. பாரதி எழுதிய கரும்புத் தோட்டம் அதுதான். ஐந்து வருட ஒப்பந்தம். கூலி வேலைக்கு வராவிட்டால் அது குற்றம், தண்டனை உண்டு. தோட்டக்காரர் பேசிய கூலியைப் பிடித்துக்கொண்டால், கேட்கப் போக வழியில்லாத தூரத்தில் நீதிமன்றம். கார் கடனையும் அதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது. அந்தப் பெரியவருக்கு அது குடும்பக் கதை, ஷோரூமில் அவர் சொன்னது ஒரு வேடிக்கைப் பேச்சு. ஆனால் அடுத்த மூன்று வாரமும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

தம்பி படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பான் என்று நினைக்காதீர்கள். அவன் அப்பா, என் சித்தப்பா, விருதுநகரில் வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வாங்கிய அறுபதாயிரத்துக்கு ஆறு வருடம் வட்டி கட்டியவர். அதைப் பார்த்து வளர்ந்த பையன். இரண்டடி நீளக் காகிதம், இரண்டு பக்கமும் பொடி எழுத்து. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து படித்தான். மேனேஜர் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஓர் இடத்தில் தம்பி விரலை வைத்து நிறுத்தினான். விற்பவர் தன் வழக்கமான நிதி நிறுவனங்களில் ஒன்றிடம், தனக்கு ஏற்புடைய முறையில், இந்த ஒப்பந்தத்தைக் கைமாற்ற முடியாவிட்டால் அதை ரத்து செய்யலாம் என்று சொல்லும் பத்தி அது. பத்து நாளுக்குள் வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் வண்டியை உடனே திருப்ப வேண்டும். அவர்களும் பணத்தையும் எக்ஸ்சேஞ்ச் வண்டியையும் திருப்பித் தர வேண்டும்.

"இது எதுக்கு?" என்று கேட்டான்.

"எல்லாருக்கும் இருக்கிற பத்திதான். உங்களுக்கு அப்ரூவ் ஆயிடுச்சு, கவலைப்படாதீங்க" என்றார் மேனேஜர். கை குலுக்கினார். சாவியைக் கொடுத்தார்.

பதின்மூன்றாம் நாள், ஜனவரி 24, வெள்ளிக்கிழமை மதியம் போன். எந்த வங்கியும் இந்த வட்டிக்குத் தயாராக இல்லையாம். இரண்டு வழிதான். ஒன்று, 17.9 சதவீதத்துக்குப் புது ஒப்பந்தம். மாதம் 403 டாலர். 60 மாதத்தில் கூட்டிப் பார்த்தால் 4,400 டாலருக்கு மேல் அதிகம். இரண்டாவது, வண்டியைத் திருப்புவது. "சரி, அப்போ என் சிவிக்கைத் தாங்க" என்று தம்பி கேட்டிருக்கிறான். அதை ஏலத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்று பதில். வட்டி குறைய வேண்டுமானால் உங்கள் அக்கா இணைக் கையெழுத்துப் போடட்டும் என்று ஒரு கிளை வழியும் சொன்னார்கள். கடைசியாக, வண்டி சட்டப்படி எங்களுடையது, திருப்பாவிட்டால் திருட்டுப் போனதாகப் புகார் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள்.

அன்று ராத்திரி என் வீட்டுச் சமையலறையில் எங்கள் இருவருக்கும் நடந்தது சண்டைதான்.

"அக்கா, போட்டுக் குடுத்துடலாம். மாசம் எழுபது டாலர்தான் கூட. போலீஸ் கேஸ்னு ஒண்ணு பேருல ஏறிட்டா என் விசா என்னாகும்? இப்ப நாடு இருக்கிற நெலமையில…"

புதிய அதிபர் பதவியேற்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் மணிக்கொரு வதந்தி. அவன் பயத்தை எப்படிக் குறை சொல்வது?

"எழுபது டாலர் பெருசில்லைடா. முடியாதுன்னு சொன்னது யாருன்னு அவங்க சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்."

"சொன்னா மட்டும் என்ன ஆகப்போகுது? நீ கையெழுத்துப் போட்டா வட்டி கொறையும்ல. நீயே யோசி."

அது குத்தியது. இணைக் கையெழுத்து என்பது பரிந்துரைக் கடிதம் கிடையாது. அவன் கட்டாவிட்டால் முழுக் கடனும் என் தலையில். இதைத் தனி அறிவிப்பாகக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று 1985 முதல் இங்கே விதியே இருக்கிறது. ஆனால் நான் மறுத்ததற்கு அது காரணமில்லை. சித்தி மகனுக்காக அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பேன். ஏற்கெனவே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஓர் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது, இன்னொன்றுக்கு எதற்குக் கையெழுத்து என்பதுதான் என் கேள்வி. அவனுக்கு அந்த ராத்திரியில் அது அக்காவின் வீம்பாகத்தான் பட்டது. சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

மறுநாள் தபாலில் டீலரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம் என்று ஒரே பத்தி. தேதி ஜனவரி 20. எண்ணிப் பார்த்தேன், ஒன்பதாம் நாள். கணக்குச் சரியாக இருந்தது. அதுதான் உறுத்தியது. ஜனவரி 20 திங்கட்கிழமை, மார்ட்டின் லூதர் கிங் தினம். தபால் நிலையங்களுக்கு விடுமுறை. உறையைத் திருப்பினால் முத்திரையில் ஜனவரி 23 என்று இருந்தது. பன்னிரண்டாம் நாள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த பத்து நாள் 21-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தம்பியின் போனிலும் அதற்குமுன் ஒரு அழைப்போ குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ இல்லை.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சாக்ரமெண்டோ கவுண்டியின் பொதுச் சட்ட நூலகத்துக்குப் போனோம். யார் வேண்டுமானாலும் போகலாம். சட்ட ஆலோசனை சொல்ல மாட்டோம், புத்தகம் காட்டுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்த நூலகர் எழுந்தார். கார் கடன் விற்பனைக்கென்று கலிஃபோர்னியாவில் 1960-களிலிருந்தே இருக்கும் தனிச் சட்டத்தைக் காட்டினார். இன்னும் இரண்டு விஷயங்களை அங்கேதான் படித்தேன்.

முதலாவது, வாங்கியவருக்கு அந்தப் பத்து நாள் கிடையாது. மூன்று நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். 2025 ஜனவரியில் அந்த மூன்று நாள் விதி வீடு தேடி வந்து விற்பவர்களுக்கானதாகத்தான் இருந்தது, ஷோரூமுக்குப் பொருந்தவில்லை. யூஸ்டு காருக்குத் தனியாகக் காசு கொடுத்து இரண்டு நாள் ரத்து உரிமை வாங்க முடிந்தது, அப்போது அவ்வளவுதான். தம்பி இரண்டாம் நாள் மனம் மாறியிருந்தால் "கையெழுத்துப் போட்டாச்சே" என்று சொல்லியிருப்பார்கள். ஒரே காகிதம், ஒரே சனிக்கிழமை, இரண்டு கையெழுத்து. ஒன்று அன்றைக்கே காய்ந்துவிட்டது. மற்றது பத்து நாள் ஈரமாகவே இருந்தது.

இரண்டாவது, கடன் மறுப்புக்குக் காகிதம் உண்டு. 1974-இல் வந்த கடன் சமவாய்ப்புச் சட்டத்தின்படி, கடனை மறுக்கிறவர் பொதுவாக 30 நாளுக்குள் விண்ணப்பித்தவருக்கு அதைத் தெரிவித்து, காரணத்தைச் சொல்ல வேண்டும், அல்லது காரணம் கேட்கும் உரிமை இருப்பதைச் சொல்ல வேண்டும். அப்படியானால் "லோன் கிடைக்கலை" என்ற வாக்கியத்துக்குள் ஒரு பெயர் ஒளிந்திருக்கிறது, அதைக் கேட்கலாம். தம்பியின் முகம் கொஞ்சம் மாறியது அங்கேதான்.

ஒப்பந்தத்தின் மொழியைப் பற்றியும் ஒன்று தெரிந்தது. கலிஃபோர்னியாவில் பேரம் பெரும்பாலும் ஸ்பானிஷ், சீனம், தகாலோக், வியட்நாமியம், கொரியம் ஆகிய ஐந்தில் ஒன்றில் நடந்தால், ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. எங்களுக்கு ஆங்கிலம் தெரியும், குறையில்லை. ஆனால் ஐந்து மொழிகளுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்றால், எத்தனை பேர் தங்களுக்குப் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்!

அந்தத் திங்கட்கிழமை, ஜனவரி 27, இன்னொன்றும் நடந்தது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. கார் டீலர்களின் பித்தலாட்டங்களைத் தடுக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதியை அறிவித்திருந்தது. விற்பனை முடிந்துவிட்டதா இல்லையா என்பதைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது, விற்பனை முடியாதபோது முன்பணத்தையும் பழைய வண்டியையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஏமாற்றக் கூடாது என்பவை அதில் இருந்தன. டீலர் சங்கங்கள் வழக்குப் போட்டன. விதி அமலுக்கு வரவே இல்லை. அன்றைக்கு ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி தவறு என்று அல்ல. அதைக் கொண்டுவரும் முன் வெளியிட வேண்டிய ஆரம்ப அறிவிப்பை ஆணையம் வெளியிடவில்லை என்பதற்காக. நுகர்வோர் பக்கம் ஓர் அறிவிப்பு விட்டுப்போனால் விதியே போய்விடுகிறது. எங்கள் டீலர் அறிவிப்பைத் தாமதமாக அனுப்பிவிட்டுத் தேதியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்கிறார். இந்தச் சிரிப்பை யாரிடம் போய்ச் சிரிப்பது?

ஆணையம் அதற்கு முன்பும் சும்மா இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் ஒரு டீலர்ஷிப் குழுமத்தின் மீது 2016-இல் தொடுத்ததுதான் யோ-யோ கடனுக்காக அது தொடுத்த முதல் வழக்கு. அடுத்த ஆண்டு 36 லட்சம் டாலருக்கு அது முடிந்தது. ஆனால் அந்த மாதிரி வழக்கு வர எத்தனை பேர் இரண்டாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷோரூமுக்குப் போனோம். நான் பேசக் கூடாது என்று தம்பி சொல்லிவிட்டான். "என் வண்டி, நானே பேசுறேன்க்கா." ஒப்பந்தத்தின் நகல், கடிதம், உறை மூன்றையும் மேசையில் வைத்தான். எந்த வங்கி மறுத்தது என்று கேட்டான். அந்த விவரம் இப்போது கையில் இல்லை என்றார் மேனேஜர். மறுப்புக் கடிதம் எப்போது வரும் என்று கேட்டான். அதற்கும் பதிலில்லை. பிறகு உறையின் முத்திரையைக் காட்டினான். மேனேஜர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், நகல் எடுத்துக்கொண்டார், மேலிடத்தில் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். டீலர்கள் மீதான புகாரை மோட்டார் வாகனத் துறை வாங்கும் என்பதையும், அதன் தலைமை அலுவலகம் இதே ஊரில்தான் இருக்கிறது என்பதையும் தம்பி சொல்லிவிட்டு எழுந்தான். குரல் கொஞ்சம் நடுங்கியது. மரியாதையாகத்தான் சொன்னான்.

வெளியே வரும்போது பக்கத்து மேசையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீலச் சட்டை. முன்னால் அதே இரண்டடி நீளக் காகிதம். "போன வாரம் போட்டேனே" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. எதிரே இருந்த இளைஞன் பேனாவை அவர் பக்கம் தள்ளி, அது செல்லாது, இதுதான் புதுசு என்றான். எங்களுக்கு வண்டி காட்டிய பெரியவர் கண்ணாடிக் கதவருகே நின்றிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், எதுவும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை தம்பிக்கு ஒரு கிரெடிட் யூனியனிலிருந்து வரவேற்புக் கடிதம் வந்தது. உங்கள் ஒப்பந்தம் எங்களுக்குக் கைமாற்றப்பட்டிருக்கிறது. கடன் 15,900 டாலர், 8.9 சதவீதம், மாதம் 329. எந்த வங்கியும் தயாராக இல்லை என்று சொன்ன அதே கடன், அதே வட்டி. உறையைப் பார்த்த மூன்று நாளில் அதற்கு ஆள் கிடைத்துவிட்டது. டீலரிடமிருந்து போனும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மறுப்புக் கடிதம் எந்த வங்கியிலிருந்தும் இன்றுவரை வரவில்லை.

அது எங்கள் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அந்தக் கடிதம் 21-ஆம் தேதி முத்திரையோடு வந்திருந்தால்? ஒப்பந்தப்படி தம்பி வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். தனக்கு ஏற்புடைய முறையில் கைமாற்ற முடியவில்லை என்று டீலர் சொன்னால், அவருக்கு எது ஏற்புடையது என்று யார் அளப்பது? லாபம் இரண்டு புள்ளியிலிருந்து ஒன்றாகக் குறைவதுகூட ஏற்க முடியாததாக இருக்கலாம். அந்தப் பெண்ணின் கையில் அப்படி ஓர் உறை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் நின்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவர் என்னை யாரென்று நினைத்திருப்பார்?

ஃபிஜிக்குப் போனவர்களின் கிர்மிட்டில் கூலிக்கு எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம், ஐந்து வருடம் கழித்து என்ன என்று எல்லாம் எழுதியே இருந்தது. ஏமாற்று அந்தக் காகிதத்தில் மட்டும் இல்லை. காகிதம் மீறப்பட்டபோது ஒரு பக்கத்துக்குச் சிறை, மறு பக்கத்துக்குச் சாக்கு என்று இருந்ததில் இருந்தது. நூறு வருடத்துக்குப் பிறகு சிறை போய்விட்டது, நூலகமும் புகார் வழியும் வந்திருக்கின்றன. 12,500 டாலர் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமல் நாமே பேசும் சிறு வழக்கு நீதிமன்றமும் இருக்கிறது. சாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கதை எங்கள் ஊர்த் தமிழர்களிடம் பரவி, இப்போது மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள். எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் சொல்கிறேன். முடிந்தால் முதலில் ஒரு கிரெடிட் யூனியனில் கடனுக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். கடன் கைமாறிவிட்டது என்று கடிதம் வரும்வரை பழைய வண்டியைக் கொடுக்காதீர்கள். இரண்டாவது காகிதத்தை நீட்டினால், முதல் காகிதத்தை மறுத்தது யார் என்று பெயர் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். "இதையெல்லாம் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களாக்கா?" என்று போன வாரம் ஒரு பெண் கேட்டாள். திருச்சியிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். கோவிச்சுக்கட்டும்மா, என்றேன். அப்புறம் மறக்காமல் இன்னொன்றும் சொன்னேன்: அவங்ககிட்டேருந்து தபால் ஏதாவது வந்தா, உறையைக் கிழிச்சுத் தூரப் போட்டுடாதே.